ஐயாதுரை விசாரித்த படிப்பு

ராஜபாளையத்தில் மில் தொழிலாளர்கள் குடியிருந்த தெருக்களில் ஒரு பெண்ணுக்கு வரன் வந்தால், ஜாதகம் பார்க்கிறவர்கள் ஜாதகம் பார்ப்பார்கள், ஜெபம் பண்ணுகிறவர்கள் ஜெபம் பண்ணுவார்கள். அடுத்தபடியாக இரண்டு கூட்டமும் ஐயாதுரை வீட்டுக்குத்தான் வரும். ஐயாதுரை ஸ்பின்னிங் பிரிவில் மேஸ்திரி. ஒல்லியான ஆள், காது மடலில் எந்நேரமும் பஞ்சுத் தூசி. பார்த்தால் ஒரு விசேஷமும் தெரியாது. ஆனால் மாப்பிள்ளை எப்படிப்பட்டவன் என்று வெளியூர் போய் விசாரித்து வர அவரை விட்டால் ஆளில்லை என்று பெயர் வாங்கியிருந்தார்.

விசாரிப்பதில் அவருக்கென்று ஒரு முறை உண்டு. மாப்பிள்ளை ஊருக்கு ஒரு நிறுத்தம் முன்னாலேயே பஸ்ஸை விட்டு இறங்கிவிடுவார். சலவை வேட்டி, கையில் குடை, கக்கத்தில் மஞ்சள் பை. சைக்கிள் கடை, சலவைக்காரர், ரேஷன் கடை வரிசை, முடிதிருத்தும் கடை என்று சுற்றி வளைத்துத்தான் தெருவுக்குள் நுழைவார். அந்தத் தெருவில் யார் என்ன கொடுத்தாலும் வாங்கிக் குடிக்க மாட்டார். விசாரிக்கப் போன இடத்தில் கை நனைத்தால் நாக்கு ஒரு பக்கம் சாய்ந்துவிடும் என்பது அவர் கட்சி. பஸ் கட்டணத்துக்கு மேல் பத்துப் பைசா யாரிடமும் வாங்கியதில்லை. அவர் சொல்லி நடந்த கல்யாணங்கள் நாற்பதுக்கு மேல், நின்றவை பதினொன்று. நின்றுபோன பதினொன்றைப் பற்றித்தான் அவருக்குக் கூடுதல் பெருமை.

அப்பேர்ப்பட்ட மனிதர் சறுக்கியது சொந்த மகள் விஷயத்தில். மூத்தவள் அன்னபாய்க்கு எண்பத்து நாலில் சிவகாசிப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை அச்சகத்தில் பைண்டர். ஐயாதுரை மூன்று ஞாயிற்றுக்கிழமை அங்கே போனார், முப்பத்தேழு பேரிடம் விசாரித்தார். முப்பத்தேழு பேரும் தங்கமான பையன் என்றார்கள். தங்கத்துக்குக் காலையிலேயே சாராயம் வேண்டும் என்பது கல்யாணமாகி நாலாம் நாள் தெரிந்தது. இரண்டு வருஷம் அடியும் உதையும் பட்டுவிட்டு, அன்னபாய் ஒரு தகரப் பெட்டியோடு திரும்பி வந்தாள். வந்த மறுவாரமே சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி மடிக்கிற வேலையில் சேர்ந்துகொண்டாள். ஒருவரையும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அதுதான் ஐயாதுரையைப் போட்டு அறுத்தது. அதற்குப் பிறகு யார் வந்து கூப்பிட்டாலும் அவர் விசாரிக்கப் போகவில்லை. மஞ்சள் பை ஆணியில் தொங்கியது.

அந்தப் பையை மறுபடி எடுக்க வைத்தவள் இளையவள் ஜெயபாய். எண்பத்து எட்டில் பி.ஏ. முடித்தாள். ரிசல்ட் வந்த வாரம், ஷிப்ட் முடிந்து அவர் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து எதிரே வந்து உட்கார்ந்தாள்.

"அப்பா, மெட்ராஸ்ல எம்.ஏ. படிக்கப் போறேன். கிரிமினாலஜி."

"அப்படின்னா?"

"குற்றவியல். ஒருத்தன் ஏன் தப்புப் பண்ணுதான், அவனைத் திருத்த முடியுமா, தண்டனை குடுத்தா என்ன ஆகும்... அதைப் பத்திப் படிக்கிறது."

ஐயாதுரை சோற்றிலிருந்து கையை எடுத்தார். மனைவி தங்கபுஷ்பம் கரண்டியோடு முன்னால் வந்தாள். "ஏட்டி, டீச்சருக்குப் படிக்கேன், நர்சுக்குப் படிக்கேன்னு சொல்லு, கேப்போம். திருட்டுப் பயலுவளைப் பத்திப் படிச்சிட்டு எந்த ஊர்ல போய் வேலை பாக்கப் போற?"

"ஆகிற செலவு என்னம்மா? அக்கா கல்யாணத்துக்கு ஆனதுல பாதி கூட ஆகாது."

அது சுருக்கென்று தைத்தது. அன்னபாய் அப்போது குழாயடியில் தண்ணீர் வரிசையில் நின்றுகொண்டிருந்தாள்.

செலவு ஐயாதுரைக்கு உடனே பிடிபட்டது. படிப்புக் கட்டணம் கம்மிதான். விடுதியும் சாப்பாடும் மாதம் முந்நூற்று ஐம்பது, அப்புறம் புத்தகம், போக்குவரத்து, துணிமணி. இரண்டு வருஷத்துக்குப் பதினோராயிரத்துக்குக் குறையாது. அவரிடம் மிச்சம் இருந்ததோ வன்னியம்பட்டியில் பதினொரு சென்ட் மனை ஒன்றுதான். அன்னபாய்க்கு ஒரு பிடிமானம் வேண்டுமே என்று அதை விற்காமல் வைத்திருந்தார். அதை விற்று இளையவளைப் படிக்க வைத்து, அவளுக்கும் வேலை கிடைக்காமல் போனால் இரண்டு பெண்களும் நடுத்தெருவில். செலவு தெரிந்துவிட்டது; வரவு என்ன என்று சொல்லத்தான் ஊரில் ஒரு ஆள் இல்லை.

மறு ஞாயிறு மஞ்சள் பை ஆணியிலிருந்து இறங்கியது. மாப்பிள்ளையை விசாரிக்கிற மாதிரியே அந்தப் படிப்பை விசாரிக்கக் கிளம்பினார் ஐயாதுரை.

மில் டைம் ஆபீஸ் கிளார்க், கேள்விப்பட்டதே இல்லை என்று கையை விரித்தார். ஸ்டேஷன் ஏட்டையா நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லிவிட்டுச் சிரித்தார். "எஸ்.ஐ. ஆகணும்னா வெறும் பி.ஏ. போதுமே அண்ணாச்சி. இதைப் படிச்சிட்டு வந்தா பிள்ளை எங்களுக்குல்லா பாடம் நடத்தும்!" மில்லுக்குள் விஷயம் பரவியபோது ஆளுக்கு ஆள் வாய் கொடுத்தார்கள். "மாமா, ஒங்க மக திருட்டுக்குப் படிக்கப் போறாளாமே, எத்தன வருசக் கோர்சு? என் மச்சினனையும் சேத்துவிடணும்" என்றான் ஒருத்தன். ஐயாதுரை எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். கேலி பண்ணுகிறவனிடம் கோபப்பட்டால் தகவல் நின்றுவிடும் என்பது அவருக்குத் தெரியும்.

கடைசியில் ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட்டுக்குப் போனார். வக்கீல் குமாஸ்தா சங்கரலிங்கம் ஒருவர்தான் உருப்படியாக ஒரு தகவல் சொன்னார். "அந்தக் கடைசி ரூம்ல நன்னடத்தை அலுவலர்னு ஒருத்தர் இருக்காரு, தனுஷ்கோடின்னு. இந்தப் படிப்புக்கு உண்டான வேலை அதுதான். அவரையே போய்க் கேளும்."

தனுஷ்கோடிக்கு ஓய்வுபெற இன்னும் ஒரு வருஷம் இருந்தது. ஒரு மேசை, ஒரு பீரோ, ஓடாத ஒரு மின்விசிறி. வந்தவருக்கு டீ சொல்லப் போனார். ஐயாதுரை அவசரமாகக் கையை ஆட்டி மறுத்துவிட்டு விஷயத்துக்கு வந்தார்.

"சார், வேலை எப்படி?"

"கெடச்சா நல்ல வேலை. கெடைக்கிறதுதான் பாடு. ஆள் எடுக்கிற வருசம் பத்துப் பேரை எடுப்பாங்க. எடுக்காம அஞ்சாறு வருசம் போறதும் உண்டு."

"வேலையில என்ன செய்யணும் சார்?"

"மொத தடவை தப்புப் பண்ணுனவன் ஒருத்தன் இருக்கான்னு வையுங்க. அவனை ஜெயிலுக்கு அனுப்பவா, எச்சரிச்சு வீட்டுக்கு விடவான்னு ஜட்ஜையா முடிவு பண்ணணும். அதுக்கு முன்ன என்கிட்ட கேப்பாங்க. நான் அவன் ஊருக்குப் போயி, அக்கம்பக்கத்துல அவன் எப்படின்னு விசாரிச்சு, ரிப்போர்ட் எழுதிக் குடுக்கணும்."

"இம்புட்டுதானா சார்? இதுக்கா ரெண்டு வருசப் படிப்பு? இருவது வருசமா இதைத்தானே நான் சும்மா செஞ்சுக்கிட்டிருந்தேன்!"

தனுஷ்கோடி சிரிக்கவில்லை. "நீங்க விசாரிச்சது தப்பாப் போனதே இல்லையா?" என்று மட்டும் கேட்டார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் ஐயாதுரைக்கு அந்தக் கேள்விதான் கூட வந்தது. தப்பான விசாரணைக்கு என்ன விலை என்று ராஜபாளையத்தில் அவருக்குத் தெரிந்த அளவு யாருக்கும் தெரியாது. அதைச் சரியாகச் செய்ய ஒரு படிப்பு இருக்கிறதென்றால் பதினொரு சென்ட் கொடுக்கலாம் என்று பட்டது. தங்கபுஷ்பம் இரண்டு நாள் பேசவில்லை, மூன்றாம் நாள் பத்திரத்தைப் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தாள். மனை பதினாலாயிரத்துக்குப் போனது.

தொண்ணூறில் ஜெயபாய் பட்டத்தோடு வந்தாள். வேலை வரவில்லை. தொண்ணூற்றொன்றில் வரவில்லை. தொண்ணூற்றிரண்டிலும் வரவில்லை, ஐயாதுரைதான் மில்லிலிருந்து ஓய்வுபெற்று வீட்டுக்கு வந்தார். ஜெயபாய் தெருப் பிள்ளைகளுக்கு ட்யூஷன் எடுத்தாள், ஒரு டைப்ரைட்டிங் பள்ளியில் அரைச் சம்பளத்துக்கு உட்கார்ந்தாள். பரீட்சை விண்ணப்பங்களுக்கெல்லாம் பணம் கொடுத்தது அன்னபாயின் பேண்டேஜ் துணிக் கூலி. திருட்டுப் படிப்பு என்னாச்சு என்று கேட்பவர்கள் கேட்டுக்கொண்டேயிருந்தார்கள். சும்மா சொல்லக் கூடாது, அந்த மூன்று வருஷமும் ஐயாதுரை ரொம்பக் கஷ்டப்பட்டார். வன்னியம்பட்டி வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினால், மனை இருந்த பக்கம் வரும்போது கண்ணை மூடிக்கொள்வார். முப்பத்தேழு பேரிடம் கேட்டும் ஏமாந்தவன், ஒரே ஒரு தனுஷ்கோடியை நம்பி இன்னொரு பெண்ணின் வாழ்வையும் கெடுத்துவிட்டேனே என்று மருகினார்.

தொண்ணூற்று மூன்று ஆடியில் உத்தரவு வந்தது. நன்னடத்தை அலுவலர், அதுவும் ஸ்ரீவில்லிபுத்தூரிலேயே. பிடித்தம் போக இரண்டாயிரத்து முந்நூறு. தங்கபுஷ்பம் சர்ச்சுக்குப் போய் முழங்காலில் நின்று அழுதாள். ஐயாதுரை அழவில்லை, வேட்டியைச் சலவைக்குப் போட்டார். ஜெயபாய் முதல் விசாரணைக்கு வத்திராயிருப்புக்குக் கிளம்பியபோது குடையும் மஞ்சள் பையுமாக வாசலில் நின்றார்.

"நீங்க எங்கப்பா?"

"மலையடிவாரத்துக்குப் பொம்பளப் பிள்ளை தனியாவா போறது? நான் வாய் தெறக்க மாட்டேன், தொணைக்குத்தான் வாரேன்."

துணை என்பது பாதி நிஜம். தன்னுடைய பதினொரு சென்ட் என்ன ஆனது என்று ஒரு தடவை கண்ணால் பார்க்க வேண்டும் அவருக்கு. ஜெயபாய்க்கும் அது புரிந்திருக்கும், ஒன்றும் சொல்லாமல் கூட்டிப் போனாள்.

விஷயம் இதுதான். வேலுசாமி என்று ஒருத்தன், இருபத்து நாலு வயது, தென்னந்தோப்புகளில் காய் வெட்டுகிறவன். ஒரு தோட்டத்துக் கிணற்று மோட்டாரைக் கழற்றிச் செம்புக் கம்பியை உருவி விற்றுவிட்டான். பிடிபட்டு, ஒப்புக்கொண்டு, ஒரு மாதமாக ஸ்ரீவில்லிபுத்தூர் கிளைச் சிறையில் இருக்கிறான். அவனுக்கு இது முதல் வழக்கு. ஜெயபாய் எழுதிக் கொடுப்பதை வைத்துத்தான் அவனை ஜெயிலுக்கு அனுப்புவதா வீட்டுக்கு அனுப்புவதா என்று முடிவாகும்.

தெருவுக்குள் நுழைந்ததும் வாசலில் நெல் புடைத்துக்கொண்டிருந்த பெண்தான் முதலில் கண்ணில் பட்டாள். முத்தாத்தாள் என்று பெயர், வேலுசாமிக்கு அடுத்த வீடு. ஜெயபாய் வணக்கம் சொல்லி, "பக்கத்து வீட்டு வேலுசாமியைப் பத்தி விசாரிக்கணும்" என்றாள்.

முத்தாத்தாள் ஜெயபாயைப் பார்த்தாள். பின்னால் நின்ற சலவை வேட்டியைப் பார்த்தாள், குடையைப் பார்த்தாள், மஞ்சள் பையைப் பார்த்தாள். முறத்தைக் கீழே வைத்து, முந்தானையை இழுத்துச் செருகி, முகமெல்லாம் மலர்ந்தாள்.

"வாங்க, வாங்க. தங்கமான பையன்ல்லா! வீட்டுக்கு இவந்தான் ஒத்தப் பிள்ளை. ஒரு பீடி உண்டுமா, ஒரு வெத்தலை உண்டுமா! கொடுத்து வச்சிருக்கணும்."

வாய் திறக்க மாட்டேன் என்றவருக்குப் பழக்கம் விடவில்லை. "வம்பு வழக்கு ஏதும் உண்டுமா?" என்று கேட்டார் ஐயாதுரை.

"சேச்சே! அவனுக்குப் போலீஸ் ஸ்டேசன் எந்தப் பக்கம்னு கேட்டாக்கூடத் தெரியாதே!"

"இப்ப ஆளு எங்க?"

"மாமன் வீட்டுக்குப் போயிருக்கான், ராசா. வார நேரந்தான்." கண் இமைக்கவில்லை அந்த அம்மாள். "பொண்ணு யாரு, இந்தப் பிள்ளையா? லட்சணமா இருக்கே!"

ஜெயபாய்க்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஐயாதுரைக்கு வரவில்லை. முப்பத்தேழு முகங்கள் அவருக்கு ஞாபகம் வந்தன. சைக்கிள் கடைக்காரன், சலவைக்காரன், ரேஷன் கடை வரிசையில் நின்ற பெரியம்மா, எல்லாரும் இதே சிரிப்போடுதான் தங்கமான பையன் என்றார்கள். கெட்டவர்கள் இல்லை. ஒரு கல்யாணத்தைக் கலைத்த பாவம் நமக்கு எதற்கு என்று நினைக்கிற சாதாரண ஜனங்கள். மாப்பிள்ளை விசாரிக்க வந்தவரிடம் எந்தத் தெரு உண்மையைச் சொல்லியிருக்கிறது? இருபது வருஷமாகத் தன்னுடைய வேட்டியும் குடையுமே எதிராளி வாயை அடைத்திருக்கின்றன என்று நினைத்தபோது அவருக்குக் காது சூடாகிவிட்டது.

"அம்மா, நாங்க சம்பந்தம் பேச வரல" என்றாள் ஜெயபாய். "நான் கோர்ட்டுல இருந்து வாரேன். வேலுசாமி ஜெயில்ல இருக்கிறது எனக்குத் தெரியும். அவனை வீட்டுக்கு விடலாமான்னு ஜட்ஜையா கேக்காரு. நீங்க நெசத்தைச் சொன்னாத்தான் நான் எழுத முடியும்."

முத்தாத்தாள் சுருங்கிப் போனாள். முறத்தை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினாள். "மொதல்லயே சொல்லப்படாதா தாயி" என்று முனகினாள். பிறகு மெதுவாகப் பேசினாள். கூலி வாங்குகிற அன்று குடிப்பான், குடித்தால் சத்தம் போடுவான், கூட்டாளிகள் சரியில்லை, மோட்டார் விஷயத்தில் இன்னும் இரண்டு பேர் உண்டு, அவர்கள் தப்பிவிட்டார்கள். "ஆனா ஒண்ணு தாயி, காய் வெட்டப் போன தோப்புல ஒரு காய் கூடுதலா எடுத்தவன் இல்ல. அதையும் எழுதிக்கிடுங்க." ஜெயபாய் குறையையும் எழுதிக்கொண்டாள், நிறையையும் எழுதிக்கொண்டாள். ஐயாதுரை அந்த நோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து வேலுசாமியின் அம்மா பெத்தம்மாள் வீட்டுக்குப் போனார்கள். அந்த அம்மாள் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். ஐயாதுரை வழக்கப்படி கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஜெயபாய் செம்பை வாங்கிக் குடித்தாள், தரையில் உட்கார்ந்தாள், முக்கால் மணி நேரம் பெத்தம்மாள் சொன்னதையெல்லாம் கேட்டாள். எழுந்திருக்கும்போது, "நாளைக்கு ஜெயில்ல ஒங்க மகனைப் பாத்துப் பேசப் போறேன். ஏதும் சொல்லணுமா?" என்று விசாரித்தாள்.

பஸ் நிறுத்தத்தில் ஐயாதுரை பொறுக்க மாட்டாமல் கேட்டார். "அவன்கிட்டயே போயிக் கேக்கப் போறியா? அவன் நெசத்தைச் சொல்லுவானா?"

"சொல்லுவான், இல்ல மறைப்பான். அதுக்காகக் கேக்காம இருக்க முடியுமாப்பா? ஊரெல்லாம் அவனைப் பத்திக் கேட்டுட்டு, அவனை ஒரு வார்த்தை கேக்கலைன்னா அது என்ன விசாரணை? ஜெயில்லயோ வீட்லயோ, இருக்கப் போறது அவந்தான?"

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஜெயபாய் ஆபீசுக்கு இறங்கிக்கொண்டாள். அவர் ராஜபாளையம் பஸ்ஸில் தனியாக உட்கார்ந்து, விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். எண்பத்து நாலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை, முப்பத்தேழு பேர். அந்த முப்பத்தேழில் அன்னபாய் இல்லை. மனையை விற்றபோது கேட்ட ஆட்களை எண்ணிப் பார்த்தார். அதிலும் இல்லை. வன்னியம்பட்டி வந்தபோது கண்ணை மூட மறந்துபோனார்.

அன்னபாய் வேலையிலிருந்து அப்போதுதான் வந்து, சேலையில் ஒட்டியிருந்த நூலை உதறிக்கொண்டிருந்தாள். அவர் குடையைக்கூட வைக்காமல் அவள் முன்னால் போய் நின்றார்.

"ஏட்டி அன்னம், ஒன் கல்யாணத்துக்கு முன்ன... அந்தப் பயலைப் பத்தி ஒனக்கு எதுவும் தோணுச்சா?"

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கேள்வி புரியாமல் இல்லை. ஒன்பது வருஷம் கழித்து வந்திருக்கிறதே என்றுதான் பார்த்தாள்.

"துணி எடுக்க எல்லாருமாப் போனோம்ல, மதுரைக்கு" என்றாள். "பட்டுச் சேலையைக் காட்டுதாப்புல அவிய என் பக்கத்துல வந்து நின்னாவ. காலையில பத்து மணி கூட ஆகல. சாராய வாடை அடிச்சிது."

"ஏன் தாயி எங்கிட்டச் சொல்லல?"

"நீங்க முப்பத்தேழு பேருகிட்டக் கேட்டுட்டு வந்திருந்திய. என்கிட்டக் கேக்கலையேப்பா."

குத்திக் காட்டுகிற குரல் இல்லை அது. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். ஐயாதுரை அப்படியே தரையில் உட்கார்ந்தார். உத்தரவு வந்த அன்று வராத அழுகை இப்போது வந்தது. அன்னபாய் பதறிப்போய் உள்ளே ஓடி, ஒரு டம்ளர் காப்பியோடு வந்தாள். இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார்.

"ஒனக்குன்னு வச்சிருந்த மனையை வித்தப்பவும் ஒன்னைக் கேக்கல. இப்பக் கேக்கேன். ஒனக்கு என்ன செய்யணும்னு இருக்கு? சொல்லு."

அன்னபாயை யாரும் அப்படிக் கேட்டதில்லை. அவரைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள்.

"யோசிச்சுச் சொல்லுதேன்பா. செத்த நேரம் இருங்க."

"சொல்லு, சொல்லு. இருக்கேன்" என்று ஐயாதுரை மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.